தேகப்பயிற்சிச் சாலைக்கு ஆள் தேர்தல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருள் இளைஞர் சிலர் ஒருங்கு சேர்ந்து நம் நகரில் ஒரு தேகப்பயிற்சிச் சாலை, அஃதாவது ஜிம், திறக்க முனைந்துள்ளமையை நீங்கள் அறிவீர்கள். இடம் அமைந்தது, இயந்திரங்களுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. எஞ்சி நிற்பது ஊழியரை அமர்த்துதல். அதுபற்றிச் சில சொல்லுமாறு காரியதரிசியார் எம்மைப் பணித்தனர். நன்னூல் நடத்தும் வாத்தியாருக்கும் இரும்புக் குண்டுக்கும் யாது தொடர்பு என நீங்கள் நகைத்தல் கூடும். தொடர்பு உண்டு, சிறிது பொறுத்தருள வேண்டும்.

துணிக்கடையிற் புடவை நன்றாயிருப்பின், விற்பவன் முகங்கடுத்தாலும் வாங்குவோர் வாங்கிச் செல்வர். பயிற்சிச் சாலையின் இயல்பு வேறு. ஓட்டப்பொறியும் எடைத்தட்டும் எல்லாச் சாலைகளிலும் ஏறத்தாழ ஒன்றே. வருவோர் தம் உடம்பையே பிறனொருவன் பொறுப்பில் விடுகின்றனர்; அதுவும் தாமே நாணுகின்ற உடம்பை. வயிறு பருத்தவர், மகப்பேற்றின் பின் இடுப்பு நோவுடையார், சர்க்கரை நோய்க்கு அஞ்சி வைத்தியர் சொற்படி வந்தவர், இவரே பெரும்பாலார். முதல் வாரத்தில் எவனேனும் ஒருவன் இவரைப் பார்த்து நகைத்தானாயின், மறுவாரம் இவர் வாரார். வாராமைக்குக் காரணமும் சொல்லார். ஆகலின் இத்தொழிலில் ஊழியனே சரக்கு என்பது எம் துணிபு.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சாண்டோ என்னும் ஜெர்மானியப் பலசாலி இந்நாட்டிற்கு வந்து தம் உடல்வன்மையைக் காட்டிச் சென்றார். பின்னர்த் திரண்ட தோளுடையானைச் சாண்டோ என்றழைக்கும் வழக்கம் தமிழிலும் புகுந்தது. அவ்வழக்கம் இன்று தேய்ந்தது. தோளைக் கண்டே ஆசானைத் தேரும் மயக்கமோ தேயவில்லை. தன் உடம்பை வளர்க்க அறிந்தவன் வேறு. பிறர் உடம்பைக் காக்க அறிந்தவன் வேறு.

இனி எம் தொடர்பைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன், எமக்கு மருமகன் முறையான ஒரு பிள்ளை வேலையின்றி இருந்தான். நல்ல தேகக்கட்டு. அவன் தாயார் எம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, "அண்ணா, நீங்கள் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும்" என்றார். வெளியூரில் ஒரு பயிற்சிச் சாலை நடத்தியவர் எம்மை அறிந்தவர். "நம் பிள்ளை, நற்குணத்தான்" என்று எழுதினோம். அவரும் எம் சொல்லை நம்பி மறுநாளே அமர்த்திக்கொண்டார்.

இரண்டாம் மாதத்தில் நாற்பத்தெட்டு வயதுடைய கடைக்காரர் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். இப்பிள்ளை அவரிடம் யாதொன்றும் வினவாது, முதல் நாளே உட்கார்ந்தெழும் பயிற்சியை, கால் நடுங்கிய பின்னும், "இன்னும் பத்து, இன்னும் பத்து" என்று ஏவினான். மூன்றாம் நாள் அவருக்குச் சிறுநீர் கடுந்தேநீர் நிறமாயிற்று. பழக்கமில்லாத தசையை அளவிறந்து வருத்தினால் அது சிதைந்து, அதன் கூறுகள் குருதியிற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதை மருத்துவர் சொல்லவே அறிந்தோம். அவர் ஆறு நாள் மருத்துவமனையிற் கிடந்து பிழைத்தெழுந்தார். அவர் மனைவியார் எம்மை நோக்கி ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. அதனை இன்றும் எம்மால் மறக்க இயலவில்லை.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துதெளிதல் 51-ஆம் அதிகாரம், தெரிந்துவினையாடல் 52, சுற்றந்தழால் 53. உறவினரைத் தழுவுதலை வள்ளுவர் விலக்கினாரல்லர். ஆளைத் தேர்ந்து வினையில் அமர்த்திய பின்னரே அதனை வைத்தார். இம்முறைவைப்பைப் பல்லாண்டு வகுப்பிற் கற்பித்த யாமே கடிதம் எழுதுகையில் அதனைத் தலைகீழாக்கினோம். இச்சாலை திறக்கப்படுகிறது என்ற செய்தி பரவியவுடன் எத்தனை தாய்தந்தையர் காரியதரிசியாரை அணுகினர் என்பதை அவரே அறிவார். அவர்மேற் குறையில்லை, யாமும் அவருள் ஒருவராய் இருந்தவரே.

ஆயின் எங்ஙனம் தேர்வது? வேலை கேட்டு வந்தவனை நாற்காலியில் இருத்தி வினவுதல் மட்டும் போதாது. இரும்பு தொட்டறியாத நடுத்தர வயதினர் ஒருவரை ஒரு மணி நேரம் அவனிடம் விடுக. வேண்டுமாயின் யாமே வருவோம். எம் முழங்கால் வயதை முந்திவிட்டது. உரிமையாளர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். அவன் முதலில் வினவுகின்றானா, எடையை எடுத்து நீட்டுகின்றானா? கனடா நாட்டில் தோன்றிப் பல நாடுகளிலும் வழங்கும் ஏழு வினாப் படிவம் ஒன்றுண்டு. இதயநோய் உண்டென்று மருத்துவர் சொன்னாரா, மார்பில் வலி வருவதுண்டா, தலை சுற்றி விழுந்ததுண்டா, மூட்டில் தொல்லை உண்டா, இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்கின்றீரா என்பன போன்றவை அதில் அமைந்துள்ளன. அப்படிவம் அவன் கையில் இல்லாவிடினும், அக்கவலை அவன் வாயில் இருத்தல் வேண்டும். பின்னர், நிலையைத் திருத்தத் தொடுமுன் கேட்கின்றானா, கண்ணாடியிற் பார்ப்பது தன்னையா எதிரில் நிற்பவரையா, கைப்பேசியை எத்தனை முறை எடுக்கின்றான், முடிந்தபின் எடைகளை இருந்த இடத்தில் வைக்கின்றானா என்று காண்க. இந்தக் கடைசி ஒன்றற்கு யாம் மிக்க மதிப்பளிப்போம்.

சான்றிதழ் வேண்டும், ஆயின் சுவரில் தொங்கும் தாளை மட்டும் நம்பற்க. ஒருவர் மயங்கி விழுந்து மூச்சற்றுக் கிடப்பின், 108-க்குச் சொல்லிவிட்டு, மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த அறிவானா என்பதைப் பொம்மையின்மேற் செய்து காட்டச் சொல்க. முகப்பில் அமர்ந்து கட்டணம் வாங்கும் ஊழியரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். விழுபவர் ஆசான் அருகில் நிற்கும் நேரம் பார்த்து விழுவதில்லை.

சம்பளத்தைப் பற்றி ஒரு சொல். சிறு சம்பளம் கொடுத்து, சத்துமாவு டப்பா விற்பதில் தரகு தந்தால், அவன் பயிற்சியாளனாய் இரான், விற்பனைக்காரனாவான். சிலவிடங்களில் இது தசை பெருக்கும் ஊசி வரை போய்விடுகின்றது. அதனால் இதயமும் ஈரலும் கெடும். அதிகாலை ஐந்தரைக்குக் கதவு திறந்தவனையே இரவு பத்து மணிக்கும் நிறுத்தினால், அவன் முகத்தில் எஞ்சும் இன்முகம் எவ்வளவு? இரு முறையாகப் பிரித்து ஆளிடுக.

மகளிர்க்கு மகளிரே பயிற்சி தரும் வேளை தனியே இருத்தல் நன்று. பணியிடத்திற் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-இல் இயற்றிய சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியுமிடத்தில் உட்குழு அமைத்தல் கடமை. பத்துக்குக் குறைந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். ஒருவனை அமர்த்துமுன் அவன் முன்பு வேலை பார்த்த இடத்திற்கு நேரிற் சென்று விசாரித்தலில் நாணம் வேண்டா.

அப்பிள்ளை என்னவானான் என்று கேட்பீர்கள். அன்றே வேலையை விட்டு நின்றான். அக்கடைக்காரர் வீட்டிற்கு எம்முடன் வந்து தலைகுனிந்து நின்றான். பின்னர் முறையாகப் பயிற்சி பெறச் சென்றான். இப்போது அது முடியும் தறுவாயில் உள்ளது. சென்ற திங்கள் எம் வீட்டிற்கு வந்தபோது, எம் முழங்காலைப் பற்றி அவனே முதலில் வினவினான். இந்தச் சாலைக்கு அவனும் விண்ணப்பம் அனுப்பியிருக்கின்றான். அவன்பொருட்டு யாம் கடிதம் எழுதவில்லை.