கலைக்கூடமும் உழைப்பாளியும்

(அரியலூரில் சிமெண்ட் ஆலை, பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வாசகர் வட்டத்தில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



பேச்சின் தலைப்பைக் கேட்டதும் ஒரு தோழர் சிரித்தார். "கூலி உயர்வைப் பற்றிப் பேசுவாய் என்று வந்தால், படம் மாட்டி வைத்திருக்கும் கடையைப் பற்றிப் பேசப் போகிறாயே! நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதை என் பேச்சு முடிந்ததும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

சென்ற வருஷம் சங்க வேலையாகச் சென்னை போயிருந்தேன். காலையில் எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பார்க்க வேண்டிய அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனால், "மாலை நாலு மணிக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். கையில் ஆறு மணி நேரம் இருந்தது. பையில் பணம் இல்லை. கால் போன போக்கில் நடந்தேன். நகரத்தின் நடுவே ஒரு தெருவில் சிறிய கலைக்கூடம் ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே வெள்ளைச் சுவர், குளிர்சாதனம். வெளியே ஒரு பலகை: 'ஓவியக் கண்காட்சி, அனுமதி இலவசம்.'

தோழர்களே, உண்மையைச் சொல்லுகிறேன். போலீஸ் தடியடிக்கு நடுவே நின்றிருக்கிறேன், அன்றைக்குப் பயப்படவில்லை. அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பத்து நிமிஷம் தயங்கி நின்றேன். காலில் ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை. கதவில் பூட்டு இல்லை, காவலும் இல்லை. "இது உனக்கல்ல" என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் என் மனசுக்குள்ளே ஒரு குரல் அதைச் சொல்லிற்று. அந்தக் குரல் யாருடையது? நம் பாட்டன் காலத்திலிருந்து பண்ணையார் நம் காதில் ஓதிய குரல் அது. அதைப் புரிந்துகொண்டதும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

உள்ளே ஒரு பெண் மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். "வாங்க சார்" என்று ஒரு தாளைக் கொடுத்தாள். எந்தப் படம் என்ன விலை என்ற பட்டியல் அது. நடவு நடும் பெண்களை எழுதிய படம் ஒன்றின் விலை 1,80,000 ரூபாய். மனக்கணக்குப் போட்டேன். என் அக்காளுக்கு நடவுக் கூலி நாளுக்கு 300 ரூபாய். அப்படியானால் அந்தப் படம் 600 நாள் கூலி. வருஷத்துக்கு முப்பது நாள் நடவு கிடைத்தாலே பெரிது என்று இருப்பவளுக்கு, அது இருபது வருஷ நடவு.

படத்தை உற்றுப் பார்த்தேன். நல்ல வர்ணம்; சேற்றின் பளபளப்பு அப்படியே இருந்தது. ஆனால் ஒரு பிசகு. பெண்களின் முகத்துக்கு எதிரே நட்ட பயிர் இல்லை, வெறும் சேறுதான் இருந்தது. நட்ட பயிர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதாவது அவர்கள் முன்னே நடந்துகொண்டே நடுகிறார்கள்! இங்கே இருக்கும் தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். நடவு நடுகிறவள் பின்னாலே அல்லவா நகருவாள்? முன்னே போனால் நட்ட நாற்றைத் தானே மிதித்துவிடுவாளே!

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள். "மூணு வாரமா இங்கே மாட்டியிருக்கு. ஒருத்தரும் இதைச் சொல்லலையே சார்!" என்றாள். ஓவியரிடம் சொல்லுவதாக ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு பேச்சு வளர்ந்தது. காலை பத்து மணிக்கு வந்தால் இரவு எட்டு மணிவரை வேலை. ஆள் வந்தால் உட்காரக்கூடாது. சுவரில் உள்ள மலிவான படம்கூட அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். கண்ணாடிக்கு உள்ளே இருந்தவளும் நம் வர்க்கம்தான் தோழர்களே! பத்து நிமிஷம் வெளியே நின்ற எனக்கு அது தெரியவில்லை.

அந்த வியாபாரம் நடக்கும் முறையையும் அவளிடமே கேட்டேன். ஓவியர் படத்தைக் கொண்டுவந்து மாட்டுகிறார். விற்றால் பட்டியலில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார்கள். விலையில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் பாதிகூட, கூடத்துக்குப் போகும். துணி, வர்ணம், சட்டம் எல்லாம் பெரும்பாலும் ஓவியர் செலவு. விற்காவிட்டால் படத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்ப வேண்டும். ஆகவே, படம் எழுதுகிறவரெல்லாம் பணக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தொல்லையிலிருந்து மீளத்தான் 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்த வருமானத்தைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். கூடிச் சேர்ந்தால் பிழைக்கலாம் என்பது ஓவியனுக்கும் பொருந்தும் பாடம்தான்.

அடுத்து ஒரு கடைக்குப் போனேன். வீட்டை அலங்கரிக்கும் கலைப் பொருள் விற்கும் கடை. அங்கே ஒரு மரச் சிற்பம் இருந்தது. கீழே சீட்டில் 'அரும்பாவூர் மரச் சிற்பம்' என்று எழுதியிருந்தது. நம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்! கோயில் தேருக்கும் வாகனத்துக்கும் மரம் செதுக்கித் தலைமுறை தலைமுறையாகக் கை தேர்ந்த ஊர். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கை அந்தப் பெயரில் விற்கக்கூடாது என்பது அதன் பொருள். பார்த்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விலை இருக்கிறது, ஊர் இருக்கிறது; செதுக்கியவர் பெயரைக் காணோம். பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தின் மூலையில் ஓவியர் கையெழுத்து இருக்கிறது. உளி பிடித்தவனுக்கு மட்டும் ஏன் பெயரில்லை? கடைக்காரரைக் கேட்டேன். "யாரும் கேட்பதில்லை" என்றார். கேட்க வேண்டியது நாம்தான் தோழர்களே.

மத்தியானம் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குத் திரும்பினேன். 1851-ல் தொடங்கிய இடம். செப்புத் திருமேனிகளுக்கென்றே அங்கே தனிக் கூடம் இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துவிடுவார்கள். அச்சு போய்விடும், ஆகவே ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். உலையருகே நிற்கும் ஆலைத் தோழர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

ஒரு நடராஜர் முன்னால் நின்றபோது என் தாத்தா நினைவு வந்தது. அவர் பண்ணையாள். ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல் வந்தது. ஆனால் சாகும்வரை எங்கள் ஊர்க் கோயிலுக்குள் அவர் கால் வைத்ததில்லை. தேர் வரும்போது தூரத்தில் நின்று கும்பிட்டவர். அவர் பேரன் அங்கே இரண்டடி தூரத்தில் நின்று, அந்தத் தூக்கிய காலையும் விரிந்த சடையையும் கண் குளிரப் பார்க்கிறேன். நுழைவுச் சீட்டு கொடுத்தவர் என் ஜாதியைக் கேட்கவில்லை. சாமி கும்பிடுகிறவனோ கும்பிடாதவனோ, எவனாயினும் பார்க்கலாம். பொதுச் சொத்து என்றால் அதுதான் பொருள்.

ஆனால் எல்லாக் கலைக்கூடமும் அப்படியல்ல. நம் அரியலூர் மாவட்டத்துக் கதை ஒன்றைக் கேளுங்கள். ஸ்ரீபுரந்தான், தா.பழூர் பக்கத்து ஊர். அங்கே சோழர் காலத்துப் பிரகதீஸ்வரர் கோயில் கவனிப்பாரின்றிப் பூட்டிக் கிடந்தது. 2006-ல் திருடர்கள் பூட்டை உடைத்து, உள்ளே இருந்த சிலைகளைக் கடத்தினார்கள். புதிதாகச் செய்த கைவினைப் பொருள் என்று பத்திரம் எழுதிக் கப்பலேற்றினார்கள். அவை போய்ச் சேர்ந்த இடம் எது? ஏதோ இருட்டுக் குகை என்று நினைக்காதீர்கள். நியூயார்க் நகரத்தின் நடுவே, மாடிசன் அவென்யூ என்ற பெரிய வீதியில், சுபாஷ் கபூர் என்பவர் நடத்திய கலைக்கூடம். அங்கேயும் கண்ணாடிக் கதவுதான், வெள்ளைச் சுவர்தான்!

2008-ல் அந்த நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிற்று. தொல்பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டது. சிலை அதற்கு முன்பே டெல்லியில் ஒருவர் வாங்கியது என்று பொய்க் காகிதம் காட்டப்பட்டது. ஊரில் பூட்டிய கோயிலுக்குள் சாமி இருக்கிறது என்றே ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பொய்யை உடைத்தது எது தெரியுமா? புகைப்படங்கள்! பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நம் கோயில் சிலைகளைப் பல பத்தாண்டுகளாகப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தது. அந்தப் படத்தையும் ஆஸ்திரேலியாவில் இருந்த சிலையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. கபூர் 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் டெல்லிக்கு வந்து, ஸ்ரீபுரந்தான் நடராஜரையும் விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரையும் திருப்பிக் கொடுத்தார். உடையார்பாளையம் பகுதிச் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

யோசித்துப் பாருங்கள். அந்த உலோகத்தைக் காய்ச்சி ஊற்றியவன் தொழிலாளி. அவனுக்குச் சோறு போட்டது உழவன் விளைத்த நெல். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் தேடினாலும் கிடைக்காது. சிலைக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தவர்களின் பெயரும் வாங்கியவர்களின் பெயரும் காகிதத்தில் இருக்கின்றன. சிலை போன ஊருக்கு மட்டும் செய்தி கடைசியில் வந்தது. "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்று நாம் ஒதுங்கி நின்றதால் யாருக்கு லாபம்? திருடனுக்குத்தான் லாபம்!

ஆகவே தோழர்களே, சென்னைக்கோ தஞ்சைக்கோ போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம் நமக்குக் கூப்பிடு தூரம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி இருக்கிறது. சிறிய தனியார் கூடங்களில் பெரும்பாலும் கட்டணமே இல்லை. பொருளைத் தொடாதீர்கள், ஆனால் தயங்காமல் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தவர் யார்? விலையில் அவருக்கு எவ்வளவு? இது எங்கிருந்து, எப்படி வந்தது?

இன்னொரு வேலையும் இருக்கிறது. கையில் செல்போன் இல்லாதவர் இங்கே சிலர்தான். உங்கள் ஊர்க் கோயில், அய்யனார் திடல், வயல் வரப்பில் கிடக்கும் பழஞ்சிலை, எழுத்து வெட்டிய கல் எதுவானாலும், அனுமதி கேட்டு இன்றைக்கே படம் எடுத்து, தேதியோடு ஊர் வாசகசாலையில் ஒரு பிரதி வையுங்கள். ஸ்ரீபுரந்தானுக்குச் சாட்சி சொன்னது ஒரு புகைப்படம்தானே!

போன மாதம் அந்தக் கலைக்கூடத்துப் பெண் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ஓவியர் வருத்தப்படவில்லையாம். அடுத்த நடவுக்கு நம் பக்கம் வந்து வரப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிறாராம். வரச் சொல்லியிருக்கிறேன். என் அக்காள் சொல்லிவிட்டாள்: "வரப்பில் உட்கார்ந்தால் தெரியாது தம்பி. சேற்றில் இறங்கச் சொல்லு. பின்னாலே நகரக் கற்றுக் கொடுக்கிறேன்."