மாடி வீட்டுக்கும் காப்பீடு
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் வங்கியில் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் போட்டிருக்கிறோம். நல்ல விஷயம். ஆனால் அந்த இரண்டும் உயிருக்கும் உடம்புக்கும்தான். வருஷக்கணக்கில் தவணை கட்டி, நம்ம பேரில் கிரயப் பத்திரம் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு என்ன பாதுகாப்பு?

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கீழ்த்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து கட்டில், பீரோ, தையல் மிஷின் எல்லாம் வீணானது. 'நாம மேல் மாடியில இருக்கோம், நமக்கென்ன' என்று இருந்துவிட முடியாது. கேஸ் சிலிண்டர் வெடிப்பதும் தீப்பிடிப்பதும் மாடி பார்த்து வருவதில்லை.

வீடுகளுக்கென்றே 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். பிரீமியம் மட்டும் மாறும். அதனால் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து எடுப்போம். தீ, வெடிப்பு, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம் எல்லாம் இதில் அடங்கும்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? நிலத்தின் விலையைச் சேர்க்கக் கூடாது. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. வீட்டின் உள்ளளவு 400 சதுர அடி, சதுர அடிக்குக் கட்டுமானச் செலவு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 1,60,000 ரூபாய்க்கு வீட்டுச் சாமான்களும் தானாகவே சேர்ந்துவிடும். நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணத்துக்குக் கிடையாது.

எது கிடைக்காது என்பதையும் தெரிஞ்சுக்கணும். சாதாரணத் திருட்டு இதில் வராது; தீ, வெள்ளம் போன்ற சம்பவம் நடந்து 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும் உண்டு. நாள்பட்ட விரிசல், கம்பி துருப்பிடித்தல், தரமில்லாத கட்டுமானம் இவற்றுக்கும் பணம் வராது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. ஆகவே சகோதரிகளே, விரிசலைப் பார்த்தால் அன்றைக்கே வாரியத்துக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். பாலிசி இருக்கு என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

படிக்கட்டும் தண்ணீர்த் தொட்டியும் எல்லோருக்கும் பொது. நம் ஒரு வீட்டுப் பாலிசி அதை முழுசாகக் காக்காது. குடியிருப்போர் சங்கத்தில் பேசி, கட்டடம் மொத்தத்துக்கும் சேர்த்து எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். வங்கிக் கடனில் வாங்கிய வீடு என்றால், வங்கி ஏற்கனவே எடுத்த பாலிசி வீட்டுக்கா, கடனுக்கா என்று நகல் கேட்டுப் பாருங்கள்.

சேதம் வந்தால் முதலில் போட்டோ எடுங்கள். உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். 30 நாளுக்குள் விண்ணப்பம் கொடுங்கள். மறுத்தால் எழுத்தில் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் நியாயம் கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் இலவசத் தொலைபேசி எண் 155255.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டின் சதுர அடியை எழுதிக்கொண்டு வாருங்கள். கணக்கை நாம் சேர்ந்தே போடுவோம். தீர்மானப் புத்தகத்திலும் பதிவு செய்வோம்.