அறியாமல் சாயும் மனம்

 

தவறு என்று தெரிந்தே செய்வதற்கு நாம் பொறுப்பு. இதில் ஐயமில்லை. நமக்கே தெரியாமல் நம் மனம் ஒரு பக்கம் சாய்ந்து, அதனால் பிறருக்கு அநீதி நேர்ந்தால், அதற்கு யார் பொறுப்பு? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் பொருளியல் அறிஞர் இருவர் செய்த ஆய்வொன்று 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. செய்தித்தாள்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒத்த தகுதிகள், பெயர்கள் மட்டும் வேறு. வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பர் பெயருக்கோ பதினைந்து அனுப்பினால்தான் ஓர் அழைப்பு! தெரிந்தே ஒதுக்கியவர்களும் இருந்திருக்கலாம். தாம் நடுநிலையாளர் என்றே மனமார நம்பியவர்களும் இருந்திருக்கலாம்.

இவ்வாறு மறைந்திருந்து வேலை செய்யும் சாய்வை அளக்க, கிரீன்வால்ட் என்னும் உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் 1998இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஆனால், அதை மட்டும் வைத்துத் தனி மனிதர் ஒருவர் எப்படி நடப்பார் என்று உறுதியாகக் கூற முடியாது என்பதையும் பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன.

நமக்கு இது புதிய செய்தியன்று. பெருங்காயத்தை எடுத்த பிறகும் பாத்திரத்தில் அதன் வாசம் நிற்கிறது அல்லவா? அறிவு தெளிந்த பின்னும் ஒட்டியிருக்கும் பழைய பழக்கத்தைச் சைவ சித்தாந்திகள் வாசனா மலம் என்பார்கள். ‘எல்லாரும் சமம்’ என்று அறிவு சொல்கிறது; அன்னதான வரிசையில் வெளிநாட்டுத் தொழிலாளி இலையை நீட்டும்போது கரண்டி தானாகச் சுருங்குகிறது.

இதற்காக ஒருவரைப் பழிக்கலாமா? ஜெனிஃபர் சால் என்னும் தத்துவப் பேராசிரியர், தமக்குத் தெரியாத சாய்வுக்காக மனிதரைப் பழிப்பது முறையன்று என்றார். தெரிந்த பிறகும் அதற்கேற்ப நடக்காவிட்டால் பழி உண்டு என்றும் சொன்னார். ஜூல்ஸ் ஹால்ராய்டு என்ற மற்றோர் அறிஞரோ, அறியவில்லை என்பதே எப்போதும் சாக்காகிவிடாது என்று 2012இல் வாதிட்டார்.

என் கருத்து இது. பாத்திரத்தில் வாசம் ஏறியது நம் குற்றமன்று. அது தெரிந்தும் அதிலேயே பிறர் குழந்தைக்குப் பால் காய்ச்சினால், அது நம் குற்றம்.

சாய்வை மனத்திலிருந்து உடனே களைவது அரிது. அது புகமுடியாதபடி வேலையை அமைத்துக்கொள்வது எளிது. ஆசிரியப் பணியில் இருந்தபோது, பெயர் எழுதிய மூலையை மடித்து வைத்துவிட்டே கட்டுரைத் தாள்களைத் திருத்துவேன். தாள் யாருடையது என்று தெரியாதபோது கை நேராக நிற்கும்.

நம் ஆலயக் கல்வி உதவி நிதிக்கும் இவ்வழி பொருந்தும். விண்ணப்பத்தில் பெயர், ஊர், தகப்பனார் பெயர், புகைப்படம் ஆகியவற்றைச் செயலாளர் மறைத்துவிட்டு, எண் ஒன்றை இடட்டும். குடும்ப வருமானத்தையும் படிப்பையும் வைத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தனித்தனியே புள்ளி இடட்டும். நேர்காணலில் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே கேள்விகளைக் கேட்போம். தோட்டத்துப் பிள்ளையா, ஆங்கிலம் சரளமாக வருகிறதா, நிறம் என்ன, யார் வீட்டுப் பிள்ளை என்பவை முடிவைத் தொடாதிருக்கட்டும்.

உண்டியலில் விழும் ஒவ்வொரு வெள்ளியும் இறைவனை நம்பிப் போடப்பட்டது. அது சேரவேண்டிய கையில் சேர்வதே நம் வழிபாடு. எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் துணைநிற்பானாக.