கடலுக்கு இட்ட வேலி



சிலாபத்துக் கரையில் மீனவர் ஒருவரிடம், "கடலின் ஒரு பகுதியில் வலை வீசலாகாது" என்று சொல்லிப் பாருங்கள். "அங்குப் பிடியாது விட்ட மீன் எனக்கு எவ்வாறு உதவும்?" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வியே.

பாறைமீன்கள் பலவற்றில், முதிர்ந்த தாய்மீன் ஒன்று இடும் முட்டைகள் இளந்தாய்கள் பல சேர்ந்து இடுவனவற்றினும் மிகுதி. கலவாய் இனங்கள் பலவோ இளமையிற் பெண்ணாயிருந்து, பின்னர் ஆணாக மாறுவன; பெரியவற்றையெல்லாம் பிடித்துவிட்டால் அக்கூட்டத்தில் ஆண் அருகிவிடும். பெரிய மீன்கள் அச்சமின்றி வாழ ஓரிடம் விட்டால், அவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து எல்லை கடந்து செல்லும். உள்ளே நெருக்கம் மிகுந்ததும் வளர்ந்தவையும் வெளியேறும். மெக்சிக்கோவிலே காபோ புல்மோ என்னும் ஊரின் கடல் 1995ஆம் ஆண்டில் காப்பகமாயிற்று. ஊராரே மீன்பிடித்தலை விடுத்துக் காவலும் செய்தனர். 1999இல் இருந்த மீன்களின் மொத்த எடை 2009இல் ஐந்து மடங்கைத் தாண்டிற்று.

நமது புத்தளம் மாவட்டத்திலும், கற்பிட்டிக்கு அப்பால், 'பார் ரீஃப்' என்னும் முருகைக்கற்பாறைத் தொகுதி உண்டு. ஏறத்தாழ 300 சதுர கிலோமீற்றர் கொண்ட அப்பரப்பு 1992இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1998இல் கடல்நீர் சூடேறியபோது ஆழங்குறைந்த இடங்களின் பவளம் வெளிறி மாண்டது. சில ஆண்டுகளில் மீண்டும் தளிர்த்தது. 2016இன் வெப்பத்தில் மறுபடியும் அழிவுற்றது. ஆயின் மீன்பிடித்தல் அங்கு ஒருபோதும் நிற்கவில்லை. வலைகளும் சென்றன, கண்ணாடித் தொட்டிகளுக்கான வண்ணமீன் பிடிப்போரும் மூழ்கினர். சரணாலயம் அமைத்தும் மீன் பெருகவில்லையே என்று குறை கூறுவோர், வேலியே அடையாத தோட்டத்தின் விளைச்சலைக் குறை கூறுகின்றனர்.

கரைவலையில் வரும் சூடையும் சாளையும் திரிந்து வாழும் மீன்கள். பாறைக் காப்பகத்தால் அவற்றுக்குப் பெரும்பயன் இல்லை. அதை மறைத்து மீனவருக்கு ஆசை காட்டுதல் தகாது. தங்கி வாழும் பாறைமீன்களுக்கே இது பொருந்தும். அவையும் பெருகச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை அடுப்பெரிவது எங்ஙனம்? காபோ புல்மோவில், மூழ்கிக் கடலைக் காண வந்தோரின் பணம் அவ்வூர்க் குடும்பங்களையே சேர்ந்தது. கற்பிட்டிக்கும் ஓங்கில்களைக் காணப் பயணிகள் வருகின்றனர். அவ்வருவாயில் வலையைச் சுருட்டி வைப்பவனுக்குப் பங்கு எவ்வளவு என்பதை, எல்லைக்கல் மிதவைகளை இடுவதற்கு முன்னரே அவனோடு அமர்ந்து பேசி முடிவு செய்தல் வேண்டும்.