வலி தணிக்கும் மனச்சோர்வு மருந்து

சித்தூரிலோ திருப்பதியிலோ நீரிழிவினால் கால் எரிச்சலுற்று வருபவருக்கு மருத்துவர் அமிட்ரிப்டிலின் எழுதித் தரக்கூடும். அது மனச்சோர்வு மருந்து என அறிந்ததும், தம் வலியைக் கற்பனை எனக் கருதிவிட்டனரோ என்று ஐயுற்று, அவர் மாத்திரையை ஒதுக்கிவிடலாம்.

அந்த ஐயம் தேவையற்றது. 1961இல் மனச்சோர்வுக்கென அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து நரம்பு வலியையும் தணிப்பது பின்னர் புலனாயிற்று. மூளையிலிருந்து தண்டுவடத்திற்கு இறங்கி வலியுணர்வை அடக்கும் நரம்புப் பாதைகளுக்கு இது வலுவூட்டுகிறது. ஆதலின் மனச்சோர்வு இல்லாதவருக்கும் இது பயன்படும். இரவில் 10 அல்லது 25 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் தொடங்குவதே வழக்கம்.

எனினும் இது அனைவருக்கும் பலன் தருவதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வாய் வறட்சியும் மலச்சிக்கலும் தூக்கக் கலக்கமும் நேரலாம். இதய நோயோ கண் அழுத்த நோயோ உள்ளவர் முன்னரே தெரிவித்தல் வேண்டும். நாட்பட்ட வலிக்கான இவ்வகை மருந்துகளுள் டுலோக்செட்டினுக்கே வலுவான சான்று உள்ளதென 2023ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது.

1960இல் தொடங்கப்பெற்ற திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியில் பயிலும் மாணவர் முதல் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர் வரை அனைவரும், மருந்துச் சீட்டோடு இவ்விளக்கத்தையும் தெலுங்கிலும் தமிழிலும் வழங்குதல் வேண்டும். உட்கொள்ளப்படாத மருந்து எவருடைய வலியையும் தீர்ப்பதில்லை.