கோழிக்கூண்டில் பிறந்த கலை

கேகாலைப் பக்கத்தில், நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு மனிதர் பழைய படச்சுருள் கமரா ஒன்றை விலைக்கு வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று தொடக்கம் அவருடைய இல்லத்தார் படும் பாட்டை எழுதப் புகுந்தால் அது ஒரு புராணமாகும். கையிலே தொலைபேசி இருக்கிறது. அதில் நூறு படம் எடுத்துப் பிடிக்காத தொண்ணூற்றொன்பதை அழித்துவிடலாம். அவருக்கு அது ஆகாது. முப்பத்தாறே படங்கள் கொண்ட சுருளை, மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்குவார். முப்பது படம் பழுதாகும். எஞ்சிய ஆறைப் பற்றி ஆறு மாதம் பேசுவார். குளியலறை இருட்டறையாக மாறும். அங்கிருந்து கிளம்பும் புளித்த அமில நெடி தோட்டத்து இறப்பர்க் கொட்டிலை நினைவூட்டும். அதில் வியப்பில்லை, உருத்துலக்கலை நிறுத்துவதற்குப் படக்காரர் பயன்படுத்தும் அசற்றிக்கமிலம், இறப்பர்ப் பாலை உறையவைக்கவும் உதவுவதுதான். மழை ஓயாத சப்பிரகமுவைச் சீமையில் வில்லையின் உள்ளே பூஞ்சணம் படரும் என்பதற்காக, அவர் கமராவை அரிசித் தகரத்துக்குள் புதைத்து வைப்பார். இரவுச் சமையலுக்கு அரிசி அளக்கப் போன மனைவியின் கையில் கமரா தட்டுப்படும். அதன்பின் நடப்பதைச் சொல்லத் தேவையில்லை.

இத்தகையோருக்கு ஒரு மூதாட்டி உண்டு. அவர் இந்த இலங்கை மண்ணிலேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பெயர் ஜூலியா மார்கரெட் கமரன். கமராவுக்கும் கமரனுக்கும் சொல்லளவில் உறவு எதுவும் இல்லை. ஆயினும் தமிழிலே சொல்லிப் பார்க்கும்போது, விதி வேண்டுமென்றே செய்த விளையாட்டோ என்று தோன்றும்.

கமரன் என்ற பெயர் பள்ளிக்கூடத்தில் இலங்கைச் சரித்திரம் படித்தவர்களுக்குப் புதிதன்று. 1830ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்து நீதி நிருவாகத்தை ஆராய்ந்த கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் சார்ள்ஸ் ஹே கமரன் இவருடைய கணவர். 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா, தம்மைவிட இருபது வயது மூத்த அவரை அந்த நகரத்திலேயே 1838இல் மணந்தார். சார்ள்ஸ் கமரனுக்கு இலங்கை மீது தீராத மோகம். மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களை வாங்கினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் வைற் தீவில் குடியேறியபோது அங்கே வீட்டுக்கு இட்ட பெயரும் டிம்போலா, நம்முடைய டிம்புளைதான்.

1863 டிசம்பர் மாதம். அம்மையாருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாயிற்று. கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருந்தார். தாயின் தனிமைக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். பாவம், அவர்கள் நினைத்தது பொழுதுபோக்கு!

அதன்பின் நிகழ்ந்தவற்றை அம்மையார் தாமே 1874இல் எழுதத் தொடங்கினார். "என் கண்ணாடி வீட்டின் வரலாறு" என்று பொருள்படும் அந்தச் சிறு நூல் முற்றுப்பெறாமலே நின்றது. அவர் மறைந்து பத்தாண்டு கழித்து 1889இல்தான் அச்சேறியது. ஒளி ஊடுருவும் படச்சுருளை ஈஸ்ற்மன் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே ஆண்டிலாம். தம்மைத் தாமே நகையாடுவதில் இந்த அம்மையாருக்கு இணையானவர் அக்கலை வரலாற்றில் வேறொருவர் இருப்பது ஐயமே. கரி போட்டு வைத்த அறை இருட்டறையாயிற்று. கண்ணாடிச் சுவருடைய கோழிக்கூண்டு படமெடுக்கும் கூடமாயிற்று. கோழிகள் வெளியே அனுப்பப்பட்டன. அவை சமையலறைப் பக்கம் போயிருக்காது என்று தாம் நம்புவதாக எழுதிவைக்கிறார்! முட்டை விற்றுக் காசு பார்த்த பிள்ளைகளுக்கு வருமானம் நின்றது.

அக்காலத்துப் படம் இக்காலத்துப் படம் போன்றதன்று. கண்ணாடித் தட்டின்மீது கொலோடியன் என்னும் பசையை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன்பே கமராவில் வைத்துப் படமெடுத்து, உடனேயே உருத்துலக்க வேண்டும். அமர்ந்திருப்பவர் சில நிமிடம் அசையாதிருக்க வேண்டும். இவ்வளவும் செய்து எடுத்த முதற் படம் ஒரு குடியானவருடையது. எடுத்து முடித்து, ஈரத் தட்டின்மேல் தம் கையாலேயே தேய்த்து அதை அழித்துவிட்டார் அம்மையார். பிறகு இரண்டு குழந்தைகளை இருத்திப் பார்த்தார். மிக முக்கியமான கணத்தில் ஒன்று கொல்லென்று சிரித்துவிட்டது. ஒருவாறு 1864 ஜனவரி மாதத்தில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. அன்று அவர் வீடு முழுவதும் ஓடித் திரிந்து அந்தச் சிறுமிக்குப் பரிசுப் பொருள் தேடினாராம். படமே அவள் போட்ட பிச்சை என்ற எண்ணம்!

கணவரின் பொறுமையைத் தனியே பாட வேண்டும். அம்மையார் ஒவ்வொரு தட்டையும் நீர் சொட்டச் சொட்ட உணவறைக்குத் தூக்கி வருவார். வெள்ளி நைத்திரேற்று பட்ட துணி கறுக்கும். வெளுக்கப் போட்டாலும் போகாது. வீட்டு மேசை விரிப்புகள் எல்லாம் அக்கதி அடைந்தன. எழுபதை நெருங்கிய அந்தக் கனவானோ, ஒவ்வொரு படத்தையும் முதற் படம் போலப் பார்த்து மகிழ்ந்தார். கேகாலைக்காரரின் மனைவியார் இதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வது நியாயமன்று. அரிசித் தகரம் அவருடையது.

ஒருமுறை யாரோ ஒரு சீமாட்டி கடிதம் எழுதினாள். தான் சொந்த வண்டியில் வரக்கூடியவள், ஆதலால் ஆடை கசங்காமல் வந்து இறங்குவேன், படம் எடுத்துத் தர வேண்டும் என்பது கோரிக்கை. அம்மையார் அனுப்பிய மறுமொழி இது: தாம் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அல்லர், எடுப்பதாயிருந்தாலும், ஆடை நன்றாகக் கசங்கியிருப்பதையே விரும்பியிருப்பார். இரசாயனம் பட்டுக் கறுத்த கைகளோடு கரிபால்டியின் முன் மண்டியிட்டுப் படத்துக்கு இசையும்படி அவர் மன்றாடியபோது, அந்த இத்தாலிய வீரர் பிச்சைக்காரி என்று எண்ணிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு.

விமரிசகர்கள் அவருடைய படங்கள் தெளிவில்லாதவை என்று ஏளனம் செய்தார்கள். அம்மையாரின் விளக்கம் எளியது. வில்லையைத் திருகிக்கொண்டு வரும்போது எவ்விடத்தில் உருவம் அழகாகத் தோன்றியதோ அவ்விடத்திலேயே நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் மயிர்க்கால் தெரியும்வரை திருகினார்கள். இன்று உலகம் போற்றுவது எவருடைய படங்களை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தெனிசன், டார்வின், ஹேர்சல் ஆகியோரின் முகங்களை நாம் அறிவது பெரும்பாலும் இவருடைய கண்களால்தான்.

1875இல் குடும்பம் இலங்கைக்குப் புறப்பட்டது. கப்பலில் ஒரு பசுவும் இரண்டு சவப்பெட்டிகளும் உடன் வந்தன. இலங்கையில் நல்ல பெட்டி கிடைக்காது என்ற முன்யோசனையாம். 1877இல் ஓவியர் மரியான் நோர்த் களுத்துறை வீட்டுக்கு வந்தபோது, அவருடைய கூந்தலை அவிழ்த்துவிட்டு, கம்பளிச் சால்வையைப் போர்த்தி, தென்னோலை முனை தலையில் குத்த, உச்சி வெயில் கண்ணில் விழ நிறுத்திவைத்து, இயல்பாக இருக்கும்படி கட்டளையிட்டார் அம்மையார். அன்றைய வெப்பம் 96 பாகை பாரன்ஹீட்!

சிரிப்பு இங்கே சற்று நிற்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட படங்களை எடுத்தவருடைய இலங்கைப் படங்களாக இன்று எஞ்சுபவை முப்பதுக்கும் குறைவே. வெப்பத்தில் கொலோடியன் விரைவில் உலர்ந்துவிடும். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அரித்துக்கொண்டிருந்தது. எஞ்சிய அந்தச் சில படங்களில் இந்நாட்டு உழைப்பாளிகள் நிற்கிறார்கள், இருக்கிறார்கள், கமராவை நேராகப் பார்க்கிறார்கள். தெனிசனைப் படமெடுத்த அதே கவனம் அவற்றிலும் உண்டு. ஆனால் கீழே பெயர் இல்லை. "களுத்துறைக் குடியானவர்கள்" என்றொரு தலைப்பு, அவ்வளவே. இங்கிலாந்தில் சிறுமி ஆனிக்கும் பெயர் எழுதியவர் இங்கே எழுதவில்லை. அந்தப் பொழுதுபோக்குக்குத் தட்டும் வெள்ளியும் வாங்கிய காசில், தமிழகத்துக் கரையிலிருந்து வந்து கோப்பிக் காடு வெட்டியவர்களின் உழைப்பும் கலந்திருந்தது என்பதை நினைக்கும்போது, அந்தப் பெயரின்மை உறுத்தவே செய்கிறது.

அம்மையார் 1879 ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் காலமானார். கணவர் மறு ஆண்டு பின்தொடர்ந்தார். பொகவந்தலாவை சென். மேரி தேவாலயத்தில் இருவரும் அருகருகே துயில்கின்றனர். கேகாலைப் படக்காரர் அங்கே போக விரும்பினால், எட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாக அற்றன் ஏறி, டிக்கோயாவைக் கடந்து செல்லலாம். வழியெல்லாம் மழை பெய்யும். கமராவை நன்றாகப் பொதிந்து எடுத்துச் செல்லட்டும். வழியில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயை அவர் படமெடுத்தால், பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு பென்சிலும் வேண்டும்.