நெளி கூந்தலைப் பேணும் முறை

தமிழிலே தலைமயிருக்குப் பெயர்கள் பல. கூந்தல், குழல், ஓதி, அளகம் என அவை விரியும். சங்கச் செய்யுள்களைப் பயின்றோர் இவற்றோடு சேர்த்து நினைக்கும் இன்னொரு சொல்லும் உண்டு. அது 'அறல்' என்பது. ஆற்று வெள்ளம் வடிந்த பின்னர், நீர் அரித்துச் சென்ற கருமணல் வரிவரியாய் நெளிந்து கிடக்கும். அந்த நெளிவுக்கே அறல் என்று பெயர். பெண்களின் கூந்தலுக்கு அறலை உவமை கூறுவது அக்காலப் புலவர்களின் வழக்கம். நெளிந்த கூந்தல் அவர்கள் கண்ணுக்கு அழகாகவே தோன்றியது, குறையாகத் தோன்றவில்லை.

இன்று பல வீடுகளிலே நிலைமை வேறு. பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் சிறுமியின் தலையைத் தாயார் வாருகின்றார். சீப்பு சிக்கிலே மாட்டுகின்றது. பிள்ளை முகஞ் சுளிக்கின்றாள். "சொன்னபடி கேளாத தலை" என்ற பேச்சு எழுகின்றது. எண்ணெயை அள்ளி வைத்து, இறுக்கிப் பின்னி, நெளிவை ஒருவாறு அடக்கிவிடுகின்றனர். இவ்வாறு ஆண்டுக்கணக்காய்க் கேட்டு வளரும் பிள்ளை, தன் மயிரைத் தன் குற்றமென்றே எண்ணத் தொடங்குகின்றாள். வளர்ந்த பின்னர் அதனை நேராக்கித் தருவோரைத் தேடிப் போகின்றாள். ஆனால், நெளிமயிர் என்பது கெட்டுப்போன நேர்மயிர் அன்று. அது தனக்கென ஓர் இயல்பு உடையது. அவ்வியல்பை அறிந்து நடந்தால், அதனைப் பேணுதல் மிக எளிது.

மயிர் நெளிவதற்குக் காரணம் யாது? தோலினுள்ளே மயிர் முளைக்கும் குழியை மயிர்க்கால் என்பர். நேர்மயிரின் மயிர்க்கால் பெரும்பாலும் நேராக இறங்கும். மயிரின் குறுக்குவெட்டும் ஏறத்தாழ வட்டமாய் இருக்கும். நெளிமயிரின் மயிர்க்காலோ சற்று வளைந்திருக்கும். குறுக்குவெட்டும் நீள்வட்டமாய் அமையும். மயிர் திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கின்றது. அவ்வளவும் வேரிலேயே வளைவைப் பெற்றுக்கொண்டே வெளிவருகின்றது. ஆதலின், வெளியே செய்யும் எந்த வேலையும் இனி முளைக்கப்போகும் மயிரின் வடிவை மாற்றுவதில்லை.

மயிரின் புறத்தே நுண்ணிய செதில்கள் உண்டு. கூரைக்குக் கிடுகு வேய்வதுபோல, அவை ஒன்றன்மேல் ஒன்றாய் வேர்ப்பக்கமிருந்து நுனிப்பக்கம் நோக்கிப் படிந்திருக்கும். அவை ஒழுங்காய்ப் படிந்திருக்கும்போது மயிர் பளபளக்கும். கிளம்பிவிட்டால் மயிர் சொரசொரப்பாகும். மயிர்க்காலை அடுத்துள்ள நெய்ச்சுரப்பிகள் சுரக்கும் எண்ணெய், நேர்மயிரிலே தங்குதடையின்றி நுனிவரை இறங்கும். நெளிமயிரிலே ஒவ்வொரு வளைவும் அதற்குத் தடை. ஆகையால், வேரிலே எண்ணெய்ப்பசை இருக்கும்போதே நுனி வறண்டு கிடக்கும். வறண்ட செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்காகும். நெளிமயிர் தரும் தொல்லைகளிற் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன.

கொழும்பு, மட்டக்களப்பு முதலிய கரையோர ஊர்களில் வாழ்வோர் இன்னொன்றையும் அறிவர். காலையில் ஒழுங்காய் வாரிய தலை, காற்றில் ஈரம் மிகுந்த நாளில், நண்பகலுக்குள் பறந்து நிற்கும். மயிர் கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. அப்புரத இழைகளை இணைத்து வைப்பவற்றுள் ஐதரசன் பிணைப்புகள் என்பனவும் உள. நீர் பட்டதும் அவை அவிழும். உலரும்போது மீளவும் பிணையும். வறண்ட மயிர் காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சி, வாரிய வடிவை இழந்து தன் வளைவுக்கே திரும்புகின்றது. மயிருக்கு முன்னரே வேண்டிய ஈரமும் எண்ணெயும் கிடைத்திருந்தால் இந்தப் பறத்தல் பெரிதும் குறையும்.

இனி, தலைமுழுக்கைப் பார்ப்போம். வாரத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை தலைமுழுகுதல் நெளிமயிருக்குப் போதுமானது. உடம்புக்குப் போடும் சவர்க்காரத்தைத் தலைக்குப் போடுதல் ஆகாது. அது காரத்தன்மை உடையது, செதில்களைக் கிளப்பிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இதனாற் கேடு இருமடங்கு. அங்குள்ள கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவது. கேத்திலின் அடியிலே படியும் வெண்படிவைக் கண்டோர் அதன் வன்மையை அறிவர். வன்னீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாகி மயிரிலே ஒட்டிக்கொள்கின்றது. எவ்வளவு அலசினும் தலை பிசுபிசுப்பதும், காய்ந்தபின் விறைப்பதும் இதனாலேயாம். ஷாம்பு இவ்வாறு கசடாவதில்லை. ஆயினும், மிகுந்த நுரை தரும் ஷாம்பு உள்ள எண்ணெயையும் கழுவிவிடும். மென்மையானதைத் தெரிந்து, தலைத்தோலிலே மட்டும் தேய்த்தால் போதும். வழிந்தோடும் நுரையே நுனியைச் சுத்தமாக்கிவிடும்.

இத்தொல்லைக்கு முன்னோர் கண்ட பரிகாரம் தேசிக்காய். ஒரு பெரிய செம்பு நீரிலே அரைத் தேசிக்காயைப் பிழிந்து, முழுக்கின் முடிவில் தலையில் ஊற்றி, பின்னர் வெறும் நீரால் அலசுதல் நன்று. புளிப்பு அக்கசடைக் கரைக்கும். செதில்களையும் படியச் செய்யும். ஆனால், நீர் கலவாத தேசிச் சாற்றைத் தலையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்றல் கூடாது. தோல் வெந்து கறுக்கும். மாரிகாலத்திலே மழைநீரைப் பிடித்துவைத்து, கடைசி அலசலுக்கு மட்டுமாவது பயன்படுத்துவோர் அதன் நன்மையை உடனே காண்பர். நீர் பிடிக்கும் பாத்திரத்தை நுளம்பு புகாதபடி மூடிவைத்தல் வேண்டும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அது நம் நாட்டவர்க்குப் பழகிய பொருள். 2003ஆம் ஆண்டிலே மும்பையைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள், தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தினர் என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை. கழுவுமுன் பூசிய தேங்காய் எண்ணெய், மயிரிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது. மற்றவை இரண்டும் அவ்வாறு செய்யவில்லை. தேங்காய் எண்ணெயிலுள்ள லோரிக் அமிலம் மயிரின் உள்ளே ஊடுருவ வல்லது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். ஆகவே, எண்ணெயை முழுகிய பின்னர் அள்ளி அப்புவதிலும், முழுகுவதற்குச் சில மணி நேரம் முன்னர் நுனிவரை தடவி ஊறவிடுதலே தக்கது. முழுகிய பின்னர் இரண்டொரு துளியை உள்ளங்கையிற் தேய்த்து நுனியிலே தொட்டால் போதுமானது.

செவ்வரத்தம் இலையைக் கசக்கினாலும், வெந்தயத்தை ஊறவைத்து அரைத்தாலும் வரும் வழுவழுப்பும் நெளிமயிருக்கு ஏற்றது. அது செதில்களின்மேல் மெல்லிய படலமாய்ப் படிந்து, சீப்பு வழுக்கிச் செல்ல உதவுகின்றது. முழுகும்போது அதனைத் தலையிலே தடவி, அந்த வழுவழுப்பு இருக்கும்போதே சிக்கை எடுத்துவிட வேண்டும்.

சீப்பைப் பிடிக்கும் முறையிலேதான் பலர் தவறுகின்றனர். நெளிமயிரை உலர்ந்த நிலையில் வாருவது அதன் அலைகளைக் குலைத்துப் பஞ்சாக்கும். ஈரமயிரோ எளிதில் இழுபட்டு அறும் தன்மையது. ஆகையால், ஈரத்திலே வாரவும் வேண்டும். மென்மையாய் வாரவும் வேண்டும். முதலில் விரல்களாற் சிக்கைப் பிரித்து, பின்னர் பல் அகன்ற சீப்பினால் நுனியில் தொடங்கிப் படிப்படியாய் மேலே செல்லுதல் முறை. வேரில் தொடங்கி இழுத்தால், சிறு சிக்குகள் யாவும் ஒன்றுதிரண்டு பெருஞ்சிக்காகும். தலை துவட்டும்போது முரட்டுத் துவாயினால் தேய்த்தல் ஆகாது. பழைய பருத்தி வேட்டித் துண்டினால் ஒற்றி எடுத்து, கையாற் சிறிதளவு கசக்கிவிட்டு, காற்றிலே உலரவிட்டால் அலைகள் தாமாகவே கூடிவரும். இரவில் தளர்வான பின்னலோடு படுத்தால் மறுநாட் காலையிலே சிக்கு குறையும். பகலிலும் இறுக்கமான பின்னல் வேண்டாம். ஆண்டுக்கணக்காய் இழுபட்டால் நெற்றியோரத்து மயிர் உதிர்ந்து, பின்னர் முளையாமலே போதலும் உண்டு.

வடிவை மாற்றும் ஆசை மனிதருக்குப் புதிதன்று. 1906ஆம் ஆண்டிலே கார்ல் நெசிலர் என்னும் ஜேர்மானியர், நேர்மயிரை நிலையாக நெளிவிக்கும் பொறியொன்றை இலண்டனிலே செய்துகாட்டினார். மயிரிலே காரமருந்தைப் பூசி, சூடேறிய பித்தளை உருளைகளிற் சுற்றி, ஏறத்தாழ ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். உருளைகளின் பாரமும் சூடும் தலையைத் தாக்காதிருக்க, அவற்றை மேலேயிருந்து தொங்கவிட்டனர். இயற்கை சிலருக்கு இலவசமாய்த் தந்த நெளிவை வேறு சிலர் இவ்வளவு பாடுபட்டுப் பெற்றனர். இங்கே அதனை உடையோர் அகற்றப் பாடுபடுகின்றனர்.

அப்பாடு ஆபத்தற்றது அன்று. மயிரை நேராக்கும் மருந்துகள் சிலவற்றிலே போமல்டிகைட்டு உள்ளது. சில மருந்துகள் சூடேறும்போது அதனை வெளிவிடுகின்றன. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என 2004ஆம் ஆண்டிலே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தீர்மானித்தது. 2022ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, 33,497 பெண்களை ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இம்மருந்துகளை ஒருபோதும் பயன்படுத்தாதோருள் எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் அடைவோர் நூற்றுக்கு 1.64 என்றும், அடிக்கடி பயன்படுத்துவோருள் அது 4.05 என்றும் அது கணித்தது. இந்நோய் பெரும்பாலும் அரிதானதே. மருந்துதான் காரணம் என இவ்வொரு ஆய்வு மட்டும் நிறுவிவிடவும் இல்லை. எனினும், சிகையலங்கார நிலையத்திலே தலையைக் கொடுக்குமுன் போத்தலிலே எழுதியிருப்பதை வாசிக்கவும், அங்கு பணிபுரிவோர் காற்றோட்டமில்லா அறையில் அப்புகையைச் சுவாசியாதிருக்கவும் இது போதிய காரணமாகும்.

நெளிமயிர் உடைய பிள்ளைகளின் பெற்றோர் செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. பேன்சீப்பைப் பேனுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பல் அகன்ற சீப்பொன்றை வாங்குதல். முழுகுமுன் எண்ணெய் தடவுதல். ஈரத்திலே பொறுமையாய்ச் சிக்கெடுத்தல். இவை ஆண்பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஒரு மாதம் இவ்வாறு செய்து பார்ப்போர், அடங்காத தலை என்று தாம் எண்ணியது தாகத்தோடு இருந்த தலை என்பதைக் காண்பர்.